உரிய முறையில் ஒரு மன்னிப்பு

வடிவவாதி என்று ஓர் இனம் உண்டு. கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்படாவிட்டாலும் பாதகமில்லை. போன வாரம் ஏதாவது ஒரு கவுன்ட்டரில் அவருக்கு எதிரே நின்று பல்லைக் கடித்திருப்பீர்கள், அது போதும்.

சொல் கொஞ்சம் பெரிய இடத்துச் சொல்தான். இலக்கியக்காரர்கள் சொல்வார்கள்: கவிதை என்ன சொல்கிறது என்று பார்க்காதே, எப்படிச் சொல்கிறது என்று பார், அதுதான் வடிவவாதம். கணக்குப் படித்தவர்களிலும் ஒரு கட்சி உண்டு: எண் என்றால் என்ன என்று கேட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதே, தாளில் இருக்கும் குறிகளை விதிப்படி நகர்த்து, தீர்ந்தது. பக்திமான்களில் ஒரு சாராருக்கு உதடு ஒழுங்காக அசைந்தால் சரி, மனசு எங்கே மேய்ந்தாலும் கடவுள் கண்டுகொள்ள மாட்டார் என்று நம்பிக்கை. வழக்கு மன்றத்தில் கேட்டால், நியாயம் இருக்கட்டும் ஐயா, மனுவின் ஓரத்தில் மூன்று விரல் இடம் விட்டீரா என்பார்கள். ஒருவர் இந்தச் சொல்லைப் பாராட்டாகச் சொல்வார், பக்கத்து நாற்காலிக்காரர் இதே சொல்லால் திட்டுவார். இப்படி நாலு துறைக்காரர்கள் பங்குபோட்டுக்கொண்ட சரக்கை ஒற்றை ஆளாக, ஞாயிறு விடுமுறைகூட எடுக்காமல், இழுத்துக்கொண்டு திரிபவர் ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். என் சகலை. அதாவது என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஆவண அலுவலகத்தில் கண்காணிப்பாளர். 'உரியமுறை' என்று நாங்கள் வைத்த பெயர் அவருக்கே தெரியும், அதில் பெருமையும் உண்டு.

ஒரு நாள் அவரோடு வங்கிக்குப் போனேன். காலை நேரம், கூடத்தில் ஈ காக்கை இல்லை. கூட்டம் வந்தால் ஒழுங்காக நிற்பதற்காக நாடா கட்டி, வளைத்து வளைத்துப் பாதை போட்டிருந்தார்கள். நான் நாடாவைத் தூக்கிக் குனிந்து நேரே கவுன்ட்டருக்குப் போய்விட்டேன். சகலை டோக்கன் எடுத்தார். பாதைக்குள் நுழைந்தார். இடப்பக்கம் போனார், திரும்பினார், வலப்பக்கம் வந்தார், திரும்பினார், ஆறு வளைவையும் முடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணம் நின்று நின்று வந்தார், முன்னால் ஆள் இருந்தால் நின்றிருப்பாரே, அந்தக் கணக்கில். கடைசியில் மஞ்சள் கோட்டில் வந்து காலை ஒட்டி நின்றார்.

"வாங்க சார்," என்றார் காசாளர் அம்மா.

"என் நம்பரை இன்னும் கூப்பிடலையேம்மா."

"நீங்க ஒருத்தர்தானே சார் இருக்கீங்க?"

"அது சரி. ஆனா முறைன்னு ஒன்னு இருக்குல்ல?"

அந்த அம்மா பெருமூச்சு விட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலிக் கூடத்தைப் பார்த்து, "ஒன்னாம் நம்பர்!" என்று கூவினார். சகலை கையைத் தூக்கினார்.

இதற்கே சிரித்தால் எப்படி? அலுவலகத்தில் ஒரு மத்தியானம் குப்பைக்கூடை பற்றிக்கொண்டது. தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்குகிறது. ஆனால் அதன் கழுத்தில் ஓர் அட்டை: 'அனுமதி பெற்றவர் மட்டும் பயன்படுத்தவும்.' சகலை அனுமதி பெற்றவர் பட்டியலைத் தேடி எடுத்தார். அதில் ஒரே ஒரு பெயர், அவரும் ஓய்வு பெற்றுப் போய் மூன்று வருஷம். பட்டியலில் புதுப் பெயர் சேர்ப்பது எப்படி என்று சகலை விதிப் புத்தகத்தைப் புரட்டுவதற்குள், கூட்டிப் பெருக்கும் அம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தீயின் மேலும் சகலையின் காலணி மேலும் ஊற்றிவிட்டுப் போனார். சகலை அவரைக் கூப்பிட்டு மனமார நன்றி சொன்னார். கையோடு, 'தங்கள் பணி எல்லைக்கு உட்படாத வாளியைப் பயன்படுத்தியது ஏன்?' என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் கொடுத்தார்.

கெட்ட மனுஷரா? ஐயையோ, இல்லவே இல்லை. ஒருவரையும் ஏமாற்றியதில்லை, ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. "நான் ஒன்னும் சொல்லல, விதி சொல்லுது" என்பார், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட மனிதரால் என் வீட்டில் மூன்று நாள் நான் உட்கார இடமில்லாமல் நின்ற கதையைத்தான் சொல்லப்போகிறேன். கேலிச் சித்திரத்தில் குடும்பக் கதைக்கு என்ன வேலை, இலக்கணம் இடம் கொடுக்குமா என்று உங்களில் யாராவது கேட்டால், தயவுசெய்து அந்த மஞ்சள் கோட்டிலேயே நில்லுங்கள். பிறகு கூப்பிடுகிறேன்.

அக்கா மருத்துவமனையில் செவிலியர். என் மனைவிக்கு அக்கா, அந்த வழக்கத்தில் எனக்கும் அக்காதான். இருபத்திரண்டு வருஷம் வார்டு வார்டாக நடந்தவர். ஊசியைக் கண்டு அலறும் போலீஸ்காரர்களையும், மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்து வைக்கும் பெரியவர்களையும் ஒரே முறைப்பில் அடக்கியவர். அவருக்குக் கடைசியில் வியாழக்கிழமை சாயங்காலம் ஆணை வந்தது: தலைமைச் செவிலியர்! திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொறுப்பேற்க வேண்டும். அக்கா லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் நாலு மாடி ஏறி ஓடி, மூச்சு வாங்க, செருப்பைக்கூடக் கழற்றாமல் தாளைப் புருஷன் கையில் கொடுத்தார்.

சகலை வாங்கினார். மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, தாளின் வலது மூலையில் அழகாக ஒரு வட்டம் போட்டார்.

"நாள் போடல," என்றார்.

"என்னது?"

"ஆணையில நாள் இல்ல. நாள் இல்லாத ஆணை செல்லாது. திருப்பிக் குடுத்து வாங்கிட்டு வா."

அக்கா அந்தச் சிவப்பு வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு உள்ளே போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு, அதே செருப்போடு படியிறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மறுநாள் மருத்துவமனை எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டு அரை நிமிஷத்தில் அந்த நாளைப் பேனாவாலேயே போட்டுக் கொடுத்துவிட்டார். ஆக, சகலை சொன்னது சரிதான். எப்போதும் சரியாகச் சொல்லித் தொலைப்பதுதான் இந்த இனத்தின் பெரிய கோளாறு.

என் நிலைமையைக் கேளுங்கள். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அடுத்தவர் பார்வையில் என்ன குறை என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு பத்திரிகை, வேறென்ன கேட்டேன்? அறை அக்காவுக்குப் போயிற்று. நாற்காலியில் அக்காவின் பை. பத்திரிகை அக்கா தங்கை இருவரும் கண்ணைத் துடைக்கவும் மூக்கைச் சிந்தவும். இது போதாதென்று தலைமைச் செவிலியரின் கண்ணில் என் ரத்த அழுத்தம் பட்டுவிட்டது. உப்பு டப்பா ஒளிந்துகொண்டது. காலையும் மாலையும் கைப்பட்டையைக் கட்டி, "மூச்சை விடுங்க, பேசாதீங்க" என்று அதட்டல். என் வீட்டில் நான் மூச்சு விடவே அனுமதி வேண்டியிருந்தது.

"அவரு வரட்டும்," என்றார் அக்கா, பட்டையை இறுக்கிக்கொண்டே. "வந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, மனசுல இருந்து சொல்லட்டும். நான் ஒன்னும் மலையைக் கேக்கல. சொல்லலன்னா திங்கக்கிழமை இங்கிருந்துதான் டியூட்டிக்குப் போவேன். டியூட்டி முடிஞ்சும் இங்கதான் வருவேன்."

"தாராளமா இருங்கக்கா," என்றேன். ரத்த அழுத்தம் இன்னும் நாலு புள்ளி ஏறியது.

அன்று மத்தியானமே கடையிலிருந்து சகலைக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அக்கா ரொம்ப வருத்தத்துல இருக்காங்க."

"தெரியும் சகல. முன்அனுமதி இல்லாமப் போயிட்டா."

"அண்ணே, அது வீடுண்ணே!"

"வீடுன்னா முறை கிடையாதா?"

"சரி, முறையாவே வாங்க. வந்து மன்னிப்பு கேளுங்க. திங்கக்கிழமை அவங்களுக்கு எவ்வளவு பெரிய நாள்! நீங்க பக்கத்துல இல்லன்னா அவங்க மனசு விட்டுடும்."

மறுமுனையில் ஏதோ புத்தகத்தின் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்:

"அதுக்கு மாதிரிப் படிவம் ஏதாவது இருக்கா சகல?"

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அழைப்பு மணி ஒரே ஒரு முறை அடித்தது. கதவைத் திறந்தால் சகலை, சலவை மடிப்புக் கலையாத சட்டை, கையில் பழுப்பு உறை.

"உள்ள வாங்கண்ணே."

"வேணாம் சகல. மனு நிலுவைல இருக்கும்போது மனுதாரர் உள்ள வரக் கூடாது."

வாசல்படிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே உறையை நீட்டினார். அக்கா வந்து வாங்கிப் பிரித்தார். தங்கைக்காரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

'அனுப்புநர்: கணவர் (நிரந்தரம்). பெறுநர்: மனைவி, முகாம்: தங்கை வீடு. உரிய வழியாக: தங்கை மற்றும் தங்கை கணவர். அம்மையீர், பொருள்: மன்னிப்பு – வியாழன் மாலை நிகழ்வு – வேண்டுதல் – தொடர்பாக. பார்வை: ஒன்று, தங்கள் பதவி உயர்வு ஆணை. இரண்டு, தங்கள் வெளியேற்றம், வியாழன் மாலை 6.40 மணி. மேற்காண் பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்தை ஈர்க்க விழைகிறேன். பார்வை ஒன்றில் கண்ட ஆணையின் மீது சிவப்பு மையால் வட்டமிடப்பட்டது விதிகளின்படி சரியே எனினும், அதன் விளைவாகத் தங்கள் முகம் வாடியது இவ்விடத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. மேற்படி வாட்டத்துக்கு இதன்மூலம் வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. எனவே, ஆவன செய்து வீடு திரும்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அங்கிருந்து பாத்திரம் உருளும் சத்தமும் அதைவிடப் பெரிய சிரிப்புச் சத்தமும் வந்தன. அக்கா சிரிக்கவில்லை. மாத்திரையை ஒளித்தவரைப் பார்க்கும் பார்வையோடு நிமிர்ந்தார்.

"உரிய வழியாகன்னு போட்டிருக்கீங்க," என்றார்.

"ஆமா."

"வழியில இருக்கிற ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலையே. இதை நான் எப்படி வாங்குறது?"

சகலையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவரை விதியைக் காட்டிப் பிடித்துவிட்டார். காது சிவந்தது, கை கடிதத்தைத் திரும்பக் கேட்டது, ஆனால் கண் இருக்கிறதே, அது அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர்கள் கல்யாணப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதில்கூட அந்த மனிதர் இப்படிப் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை.

"என் தப்புதான்," என்றார். "போட்டுத் தரச் சொல்லு."

தங்கைக்காரி ஈரக் கையோடு வந்தாள். கிடைத்த பென்சிலை எடுத்து, 'அக்காவை உடனே கூட்டிப் போகவும், துண்டு பத்தவில்லை' என்று எழுதி, கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு என்னிடம் நீட்டினாள். எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? பத்து விநாடி.

அடுத்து என் முறை. நானும் ஒரு கிறுக்கு கிறுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தாளைப் பார்த்ததும் எனக்குள் என்னமோ செய்தது. தங்கை முதலில், தங்கை கணவர் அப்புறமா? வாடகை ஒப்பந்தம் என் பேரில் அல்லவா இருக்கிறது? தன் அறையைக் கொடுத்துவிட்டு மூன்று நாளாக நிற்பவன் எவன்? அதுவும் போகட்டும், இப்படி என் வழியாக ஒரு கடிதம் வரப்போகிறது என்று முன்கூட்டியே என் காதில் போட்டிருக்க வேண்டாமா? வாசலில் நிறுத்தி நீட்டினால், கூரியர் வாங்குகிறவனா நான்?

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

மேசையில் உட்கார்ந்தேன். 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதுவதா, 'பார்வைக்கு அனுப்பப்படுகிறது' என்று எழுதுவதா? பரிந்துரைத்தால் நாளை மறுபடி சண்டை வந்தால் என் தலையில் விடியும். பார்வைக்கு என்றால் மொட்டையாக இருக்கிறது. நீலப் பேனாவா, கறுப்பா? பென்சில் கையெழுத்துக்குக் கீழே பேனாவால் போடலாமா? கடை முத்திரை இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்து, ஊதி, பழைய தாளில் ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். எழுத்து மங்கலாக விழுந்தது. மையைத் தேடினேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவது கேட்டது.

"எவ்வளவு நேரம் வாசல்லயே நிப்பீங்க?" இது அக்கா.

"அவரு வரட்டும்."

"வர்ற வரைக்கும் சும்மா நிக்கிறதுக்கு, கடுதாசில எழுதாதது ஏதாவது இருந்தா சொல்லுங்க."

பிறகு சகலையின் குரல். ஆனால் அது சகலையின் குரல் மாதிரி இல்லை, முன்னும் பின்னும் இல்லாமல் அவிழ்ந்து விழுந்தது.

"நீ ஓடி வந்து நீட்டுன பாரு, இத்தனை வருஷம் நீ கால் வீங்கி வீங்கி வந்ததெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. என்ன சொல்றதுன்னே தெரியல. நாள் இல்லாதது கண்ணுல பட்டுச்சு. அதைச் சொல்லிட்டேன்."

"சந்தோஷமா இருந்துச்சா?"

"ரொம்ப."

"அதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"அதை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியலம்மா."

அக்கா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, ஏனென்றால் அந்த நேரம் பார்த்து மைப்புட்டி கிடைத்துவிட்டது. முத்திரையை நனைத்து, நேராகப் பிடித்து, என் கையெழுத்துக்கு இரண்டு விரல் கீழே, துளி கோணல் இல்லாமல் பதித்தேன். ஊதிக் காயவைத்தேன். மணி பார்த்தால் இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. பெருமையோடு கதவைத் திறந்தேன்.

கூடத்தில் என் மனைவி மட்டும் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். என் நாற்காலியில் பை இல்லை.

"எங்கே அவங்க?"

"போயிட்டாங்க."

"போயிட்டாங்களா? அப்ப இது?"

"அது உங்களுக்குத்தான் வேணும், வெச்சுக்குங்க."

ஜன்னலுக்கு ஓடினேன். கீழே தெருவில், சாலையைக் கடக்கக் கோடு போட்ட இடம் பத்தடி தள்ளி இருக்க, ஒரு கையில் பையும் ஒரு கையில் பெண்டாட்டியுமாக, வண்டிகளுக்கு நடுவே குறுக்கே ஓடிக்கொண்டிருந்தார் என் சகலை. அக்கா சிரிப்பு நாலு வீட்டுக்குக் கேட்டது. ஒரு வண்டிக்காரர் திட்டினார். சகலை அவருக்குக் கையாட்டினார்!

எனக்கு வந்ததே கோபம். "மூணு நாள் என் அறையைக் குடுத்தேன். போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை? அதுதானே மரியாதை?" என்று கத்தினேன். மனைவி பிஸ்கட்டை மென்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

சாயங்காலம் அக்கா போன் செய்தார், தங்கைக்கு. "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ரெண்டு பேரும் வந்துடுங்கடி." அவள் வந்து சொன்னாள். நான் பத்திரிகையை விரித்தேன்.

"உன்கிட்ட சொன்னாங்க. என்கிட்ட சொன்னாங்களா? போன்ல, அதுவும் உன் மூலமா. நேர்ல வந்து கூப்பிட வேணாம், என்கிட்ட போனைக் குடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

மறுநாள் எட்டு மணிக்கு அவள் தனியாகக் கிளம்பிப் போய்விட்டாள். நான் என் நாற்காலியில், என் அறையில், உப்புப் போட்ட சாப்பாட்டோடு, முறையாக அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்தேன். எட்டே முக்காலுக்கு மனசு கேட்கவில்லை. ஓடினேன். போய்ச் சேரும்போது ஒன்பதே கால், எல்லாம் முடிந்திருந்தது. ஆணையை வாசித்து முடித்ததும் சகலை யாரும் கூப்பிடாமலே எழுந்து ஏதோ பேசினாராம், தாளே இல்லாமல், நடுவில் இரண்டு முறை தடுமாறி. அதைக் கேட்டு வார்டே சிரித்து வார்டே அழுததாம். என்ன பேசினார் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இருபது வருஷமாக அவரைக் கேலி செய்து சிரிப்பைச் சம்பாதித்த எனக்கு, அந்த ஒரு பேச்சைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மஞ்சள் கோட்டில் ஒருவரை நிறுத்தி வைத்தேனே, அவரை இப்போது கூப்பிடலாம். நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்கவில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்தவர் யார்? அதெல்லாம் எனக்குக் கிடையாது என்கிறீர்களா, சரி, விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு கேள்வி. உங்கள் கூடப்பிறந்த ஒருவரோ, கூடப் படித்த ஒருவரோ, உங்களோடு பேச்சில்லாமல் இருக்கிறாரே, பேச உங்களுக்கு ஆசைதான், ஆனால் அவர்தான் முதலில் பேச வேண்டும், அதுதான் முறை என்று காத்திருக்கிறீர்களே, வருஷம் எத்தனை ஆகிறது?